மாமாவின் பெருவிரலும் எங்கட ஒரு 'ஓமும்'

சின்ன மாமாவின்ர ஓட்டோவின் பின்கண்ணாடியில் பொப் மார்லி இருக்கிறார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பட்டி, நடுவில சடைமுடியோட சிரிக்கிற முகம். இலங்கையில் இந்தப் படம் ஒட்டின ஓட்டோவில் ஏறாத ஆட்கள் குறைவு. மாமாவுக்கு அவரின் பாட்டு ஒன்றுகூட முழுசாகத் தெரியாது. ஏன் ஒட்டினீங்கள் என்று கேட்டால், "முகத்தப் பாத்தா நல்ல மனிசன் மாதிரிக் கிடக்கு" என்பார்.

அந்த முகத்துக்கும் மாமாவின் வலது கால் பெருவிரலுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்று எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. அதைவிடப் பிந்தித்தான் நாங்கள் செய்த பிழை தெரிந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பிழையைப் பற்றியது. இடையில கொஞ்சம் விஞ்ஞானம் வரும். பயப்பட வேண்டாம், எங்களுக்கும் முதல்தரம் விளங்கேல்லத்தான்.

நாங்கள் என்றால் மூன்று பேர். மூத்தவள் கம்பஸில் உயிரியல் படிக்கிறாள். நடுவிலான் ஏ.எல். எழுதிவிட்டு பெறுபேற்றுக்குக் காத்திருந்தவன். கடைசி ஆள் சித்தியின் மகள், அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் நாங்கள் மூன்று பேரும்தான் அவருக்குப் பிள்ளைகள்.

முதலில் அது ஒரு கோடு. பெருவிரல் நகத்தின் அடியிலிருந்து நுனிவரைக்கும் பென்சிலால் கீறின மாதிரி ஒரு கபில நிறக் கோடு. "பிரேக் மிதிச்சு மிதிச்சு ரத்தம் கண்டிட்டுது" என்று மாமா சொன்னார். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கொஞ்ச நாளில் நகத்தைச் சுற்றி வீங்க, மாமி நகச்சுத்து என்று சொல்லி தேசிக்காய் குத்திவிட்டா. மஞ்சள் அரைத்துப் பூசினா. கோடு அகன்றுகொண்டு போனது. எட்டு மாதத்தில் நகத்தின் பாதி கறுத்து, அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டி அடித் தோலிலும் ஊறிவிட்டது. அதற்குப் பிறகுதான் அம்மா கத்திக் கத்தி அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா. சின்னத் துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது: மெலனோமா. தோல் புற்றுநோய்.

"எங்கட தோலுக்கோ?" என்று மாமா கேட்டார். அந்தக் கேள்விதான் எங்கள் எல்லாருக்கும் வந்தது. தோல் புற்றுநோய் என்பது கடற்கரையில் படுத்துக்கிடக்கிற வெள்ளைக்காரருக்கு வருகிறது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அது பாதி சரி. எங்கள் தோலில் மெலனின் கூட, அதனால் வெயிலால் வரும் மெலனோமா எங்களுக்கு மிகக் குறைவு. ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்குக் கீழே என்று வெயிலே படாத இடங்களில் வரும் ஒரு வகை இருக்கிறது. அதற்கு வெயில் காரணமில்லை, தோலின் நிறமும் அதைத் தடுக்காது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த வகைதான் வரும். அதைத்தான் நாங்கள் எட்டு மாதம் தேசிக்காயால் வைத்தியம் பார்த்திருக்கிறோம்.

வைத்தியர் நேராகச் சொன்னார்: விரலை எடுக்கவேணும். கவட்டுக்குள் இருக்கும் நிணநீர்க் கணுவையும் பார்க்கவேணும். திகதியும் தந்தார்.

அன்று இரவே வெளிநாட்டில் இருக்கிற ஒரு சொந்தக்காரர் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். விரலை வெட்ட விடாதேயுங்கோ, கஞ்சா எண்ணெய் இருக்கு, கான்சரை அப்பிடியே கரைச்சுப்போடும், அங்கத்தைய டொக்டர்மார் காசுக்காக மறைக்கினம், இப்படி ஆறு நிமிடம். இரண்டு நாளில், யார் மூலமோ, கறுத்த களி மாதிரி ஒன்று சின்னப் போத்திலில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கரையில் 'கேரளா கஞ்சா' பிடிபட்டது என்ற செய்தி கிழமைக்கு ஒருக்கால் பேப்பரில் வரும் ஊர் எங்களது. அது சட்டத்துக்குப் புறம்பான சாமான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் விரலா சட்டமா என்று வந்தால் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

மாமா மட்டும் கொஞ்சம் யோசித்தார். எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு, "நீங்கள் படிச்ச பிள்ளையள். உண்மையோ எண்டு தேடிப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார்.

நாங்கள் ஒரு பின்னேரம் முழுக்கத் தேடினோம். ஒரு பின்னேரம்தான். கிடைத்தது. 2006இல் ஸ்பெயினில், மட்ரிட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வு. மெலனோமாக் கலங்களின் மேற்பரப்பில் கஞ்சாப் பொருட்கள் போய்ப் பொருந்தும் வாங்கிகள் இருக்கின்றன, அவற்றைத் தூண்டினால் புற்றுக்கலங்கள் சாகின்றன, கட்டி வளர்வது குறைகிறது என்று சுருக்கத்தில் போட்டிருந்தது. நல்ல சஞ்சிகை. பொய் இல்லை. நாங்கள் மாமாவிடம் போய், "ஓம் மாமா, ஆராய்ச்சி இருக்கு. உண்மைதான்" என்று சொன்னோம்.

மாமா ஒப்பரேசன் திகதிக்குப் போகவில்லை. காலையும் இரவும் அரிசி அளவு எண்ணெயை நாக்குக்குக் கீழ வைத்தார். பின்னேரத்தில் ஓட்டோ ஓடாமல் படுத்துக்கிடந்தார். ஏழு கிழமை.

ஏழாவது கிழமை கடைசி ஆள்தான் அந்த ஆய்வைத் திரும்ப எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு செயற்றிட்டத்துக்கு 'கஞ்சாவும் புற்றுநோயும்' என்று எழுதலாம் என்று அவளுக்கு ஒரு ஆசை. அதற்காகச் சுருக்கத்தைத் தாண்டி வாசித்தாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "இது சுண்டெலி. அதோட அவை குடுத்தது எண்ணெயே இல்ல, ஆய்வுகூடத்தில செய்த வேற பொருள்" என்றாள். நாங்கள் பார்த்தோம். ஓம். ஏழு கிழமைக்கு முதலும் அது அங்கேதான் எழுதிக் கிடந்தது. எங்கள் கண்தான் தாண்டிப்போனது.

அன்றிலிருந்து ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினோம். நாங்கள் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறோம்.

கஞ்சாவில் போதை தரும் பொருள் ரி.எச்.சி. அதை 1964இல் இஸ்ரேலில் ரஃபாயெல் மெக்கூலமும் யெகியெல் கஓனியும் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். ஆய்வுக்கு வேண்டிய ஹஷீஷை மெக்கூலம் வாங்கியது பொலிஸிடமிருந்து, பிடிபட்ட சாமானில் ஐந்து கிலோ. அந்தப் பொருள் உடம்பில் எங்கே போய் வேலைசெய்கிறது என்று விளங்க இன்னும் கால் நூற்றாண்டு எடுத்தது. 1988இல் அமெரிக்காவில் அலின் ஹவ்லெற்றும் வில்லியம் டிவேனும் மூளையில் அதற்கென்றே ஒரு வாங்கி இருப்பதைக் காட்டினார்கள். 1990இல் அதன் மரபணு கிடைத்தது. அதுதான் சிபி1. 1993இல் கேம்பிரிட்ஜில் ஷோன் மன்றோ இரண்டாவதைக் கண்டுபிடித்தார். சிபி2. அது இருந்த இடம்தான் எங்கட கதைக்கு முக்கியம். மூளையில் அல்ல, மண்ணீரலில், பெருவிழுங்கிக் கலங்களில். அதாவது, நிர்ப்பீடனம் செய்கிற கலங்களில்.

எங்கட உடம்பு கஞ்சாவுக்காக ஒரு பூட்டைச் செய்து வைத்திருக்குமோ? இராது. அப்படியென்றால் உடம்பிலேயே அதற்கு ஒரு திறப்பு இருக்கவேணும். 1992இல் மெக்கூலத்தின் குழு அதைக் கண்டுபிடித்து 'ஆனந்தமைட்' என்று பெயர் வைத்தது. 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்துதான். பிறகு இதை மாமாவிடம் சொன்னபோது, "அப்ப எனக்குள்ளயே ஆனந்தம் ஊறுதோ, பிறகென்னத்துக்கு நான் அந்தக் கசப்பைத் திண்டனான்" என்று கேட்டார்.

தோலிலும் இந்த வாங்கிகள் இருக்கின்றன, ஆனந்தமைட்டும் இருக்கிறது. அதனால் தோலில் நடக்கும் அழற்சியில் இவற்றுக்கு ஒரு பங்கு உண்டு. 2007இல் ஜேர்மனியின் பொன் நகரத்து ஆய்வாளர்கள் எழுதியது ஒரு நல்ல கதை. சிபி1, சிபி2 இரண்டும் இல்லாமல் பிறப்பித்த சுண்டெலிகளுக்கு அடையாளத்துக்காகக் காதில் நிக்கல் கலந்த தகடு குத்தியிருக்கிறார்கள். சாதாரண எலிகளுக்கு ஒன்றுமில்லை. வாங்கி இல்லாத எலிகள் பலவற்றுக்குக் காது புண்ணாகிவிட்டது. மலிவுத் தோடு போட்டால் எங்கட பெட்டையளுக்குக் காது கடிக்கிறதே, அதே ஒவ்வாமைதான், ஆனால் மோசமாக. அதாவது இந்த வாங்கிகள் நிர்ப்பீடனத்தை 'கொஞ்சம் பொறு' என்று அடக்கிவைக்கின்றன. அது இல்லாதபோது உடம்பு தன் தோலையே கடித்துக் குதறுகிறது.

ஓட்டோக்காரரின் மருமக்கள் என்றபடியால் எங்களுக்கு இது உடனே பிரேக்காகத்தான் தெரிந்தது. பிரேக் நல்லது. பிரேக் இல்லாத ஓட்டோவில் யாரும் ஏறமாட்டார்கள். ஆனால் கள்ளனைத் துரத்திக்கொண்டு போகும்போது பிரேக்கில் காலை வைத்திருந்தால்?

அதுதான் அடுத்த கேள்வி. புற்றுக்கலத்தை உடம்பு சும்மா விடுவதில்லை. ரி-கலங்கள், இயற்கைக் கொல்லிக் கலங்கள் எல்லாம் அதைத் தேடிப் போய் அழிக்கின்றன. மெலனோமா வைத்தியத்தையே மாற்றிய விசயம் இதுதான். புற்றுக்கலங்கள் ரி-கலத்தின் பிரேக்கை அமத்திப் பிடித்துக்கொண்டு தப்புகின்றன. அந்தப் பிடியை விடுவிக்கிற மருந்துகள் 2011இலிருந்து மெலனோமாவுக்குப் பாவனைக்கு வந்தன. அந்தக் கண்டுபிடிப்புக்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. இனி யோசித்துப் பாருங்கோ: ஒரு பக்கம் பிரேக்கை விடுவிக்க மருந்து, மறுபக்கம் சிபி2 வழியாக இன்னொரு பிரேக்கை அமத்துகிற எண்ணெய்.

இது வெறும் யோசனையில்லை. 2000இல் கலிபோர்னியாவில் செய்த ஆய்வொன்றில் நுரையீரல் புற்று வைத்த சுண்டெலிகளுக்கு ரி.எச்.சி. கொடுத்தார்கள். கட்டி கெதியாக வளர்ந்தது. நிர்ப்பீடனம் இல்லாத எலிகளுக்குக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் இல்லை. சிபி2வை அடைத்துவிட்டுக் கொடுத்தாலும் ரி.எச்.சி.யின் அந்த வேலை நடக்கவில்லை. கணக்கு மாதிரி நேராக இருக்கிறது: ரி.எச்.சி. கட்டியை வளர்த்தது நிர்ப்பீடனத்தை அடக்கித்தான், அடக்கியது சிபி2 வழியாகத்தான். 2022இல் சீன ஆய்வாளர்கள் ரி-கலங்களிலேயே இதைக் காட்டினார்கள். ரி.எச்.சி. மட்டுமில்லை, எங்களுக்குள் ஊறும் ஆனந்தமைட்டும் சிபி2 வழியாக ரி-கலத்தின் வேகத்தைக் குறைக்கிறது.

இதைப் படித்தபோது நடுவிலான் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டான். மாமாவுக்கு 'ஓம்' சொன்ன வாய் அவனுடையது.

ஆனால் மூத்தவள் விடவில்லை. "முதல்ல ஒண்டை மட்டும் வாசிச்சுப்போட்டு 'நல்லது' எண்டம். இப்ப ரெண்டை வாசிச்சுப்போட்டு 'கூடாது' எண்டு சொல்லப்போறமோ?" என்றாள். அவள் சொன்னது சரி. மேலும் வாசிக்க வாசிக்க விசயம் சிக்கலாகியது.

2008இல் அமெரிக்காவில் மினசோற்றாவில் சுண்டெலிகளின் தோலில் கழியூதாக் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். வெயில் மாதிரி. இரண்டு வாங்கிகளும் இல்லாத எலிகளுக்கு அழற்சியும் குறைவு, தோல் புற்றும் குறைவு. அப்படியென்றால் வெயிலால் வரும் சேதத்தை இந்த வாங்கிகளே கூட்டிக் கொடுக்கின்றன. நிக்கல் தகட்டில் அழற்சியை அடக்கிய அதே வாங்கிகள் இங்கே அழற்சிக்குத் துணைபோகின்றன. பிறகு 2015இல் பொன் நகரத்திலிருந்து இன்னொன்று: ஒரு வகை மெலனோமாவை எலிகளில் வைத்து ரி.எச்.சி. கொடுத்தபோது கட்டி வளர்வது குறைந்தது, அதுவும் வாங்கிகள் வழியாகத்தான். ஏனென்றால் அந்தக் கட்டி அழற்சியைச் சாப்பிட்டு வளர்கிற வகை, ரி.எச்.சி. அந்த அழற்சியை அடக்கியது. இன்னொரு வகை மெலனோமாவை வைத்தபோது அப்படி நடக்கவில்லை.

மட்ரிட் ஆய்வையும் திரும்ப ஒழுங்காக வாசித்தோம். அங்கே புற்றுக்கலத்தின் மேலேயே இருந்த வாங்கிகள் வழியாகத்தான் வேலை நடந்திருக்கிறது. எலிக்கு நிர்ப்பீடனம் இருந்ததா இல்லையா என்பது அங்கே ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

ஆக, ஒரே திறப்பு. ஆனால் பூட்டு பல கதவுகளில் இருக்கிறது. புற்றுக்கலத்தின் கதவிலும் இருக்கிறது, அதைக் கொல்ல வரும் கலத்தின் கதவிலும் இருக்கிறது. எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்பது எந்தப் புற்று, எந்த இடம், எவ்வளவு மருந்து, என்ன மருந்து என்பதைப் பொறுத்தது. சுண்டெலிகளிலேயே இவ்வளவு மாறுபட்டால், எத்தனை வீதம் ரி.எச்.சி. என்று யாருக்கும் தெரியாத ஒரு கறுத்த களியை நாக்குக்குக் கீழ வைத்தால் என்ன நடக்கும் என்று யார் சொல்லுறது?

மனிதர்களில் என்ன தெரியும்? கொஞ்சம்தான். 2019இல் இஸ்ரேலில் வந்த ஆய்வொன்று, பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளில் ஒன்றான நிவோலுமாப் எடுத்த 140 பேரைப் பின்னோக்கிப் பார்த்தது. அதில் மெலனோமாக்காரரும் இருந்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 37.5 வீதமானோருக்குக் கட்டி மருந்துக்கு இணங்கியது. கஞ்சாவும் சேர்த்து எடுத்தவர்களில் 15.9 வீதம். ஆனால் உயிர்வாழ்ந்த காலத்தில் அந்த ஆய்வு வித்தியாசம் காணவில்லை. 2023இல் அதே நாட்டிலிருந்து நுரையீரல் புற்றுக்காரர்களில் வந்த இன்னொரு ஆய்வு, வேறொரு மருந்தோடு பார்த்தபோது, கஞ்சா எடுத்தவர்களுக்கு நோய் முற்றும் காலம் மாறவில்லை என்றது. வருத்தம் கூடினவர்கள்தான் கஞ்சாவை நாடியிருக்கவும் கூடும். ஆக, மனிதரில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்லலாம். கஞ்சாவிலிருந்தும் அதைப் போலச் செய்தும் வந்த மருந்துகள் இருக்கின்றன. புற்றுநோய் மருந்தால் வரும் சத்தியை நிற்பாட்ட அமெரிக்காவில் 1985இலிருந்தே இரண்டுக்கு அனுமதி உண்டு. அது உண்மையான உதவி, கேவலமாகப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் சத்தியை நிற்பாட்டுவது வேறு, மெலனோமாவைக் கரைப்பது வேறு. அந்தக் குரல் பதிவு இரண்டையும் ஒன்றாக்கியது. நாங்கள் அதற்கு முத்திரை குத்திக் கொடுத்தோம்.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் இழுத்தடித்தோம். அந்த இரண்டு நாளிலும் ஓட்டோ கொட்டிலில் நின்றது. பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்ற கடைசி ஆள்தான், "இவர் எப்பிடிச் செத்தவர்?" என்று கேட்டாள். தேடினாள். பிறகு போனை எங்களிடம் நீட்டினாள்.

பொப் மார்லி செத்தது மெலனோமாவால். கால் பெருவிரல் நகத்துக்குக் கீழே வந்த மெலனோமாவால். 1977இல் கண்டுபிடித்தார்கள். உதைபந்தாட்டத்தில் பட்ட காயம் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார்கள். விரலை எடுக்கச் சொன்னார்கள். அவர் ரஸ்தாபாரி நம்பிக்கைக்காரர், உடம்பில் ஒன்றை வெட்டி எடுக்க அந்த நம்பிக்கை இடம் கொடுக்கவில்லை. நகத்தையும் கொஞ்சத் தசையையும் மட்டும் எடுத்துத் தோல் ஒட்டினார்கள். நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் போனது. 1981 மே 11இல் மியாமியில் செத்தார். வயது 36.

நடுவிலான் உடனே, "பாத்தியளோ, கஞ்சா காப்பாத்தியிருந்தா முதல்ல அவரையெல்லோ காப்பாத்தியிருக்கோணும்" என்றான். அவனுக்குத் தன் பிழையைச் சரிக்கட்ட ஒரு ஆயுதம் வேண்டியிருந்தது. மூத்தவள் தலையாட்டவில்லை. "ஒரு ஆளை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. 'ஒரு ஆளுக்குச் சுகம் வந்தது' எண்ட வட்ஸ்அப் கதையும் இதுவும் ஒண்டுதான்" என்றாள். எங்களுக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் சரி. மார்லியின் கதை கஞ்சாவைப் பற்றி எதையும் நிரூபிக்கவில்லை. அது சொல்வது வேறொன்று: விரலில் வந்த இந்த நோய் காத்திருக்காது.

அதைத்தான் மாமாவிடம் சொன்னோம். குந்தில் இருந்தார், கால் கழுவிப்போட்டு. நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டே, "மாமா, நாங்கள் பிழையாச் சொல்லிப்போட்டம்" என்று தொடங்கினோம். சுண்டெலியைச் சொன்னோம். பிரேக்கைச் சொன்னோம். பின்கண்ணாடியில் இருக்கிறவரைச் சொன்னோம். மாமா ஒன்றும் பேசவில்லை. கனநேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவருக்கும் இதே விரலோ?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் காலை அம்மாவோடு கிளினிக்குக்குப் போனார். வேறு ஏதும் மருந்து எடுத்தீங்களோ என்று வைத்தியர் கேட்டாராம். மாமா ஒளிக்கவில்லை, போத்திலைப் பற்றிச் சொன்னார். அவர் ஏசவில்லை. எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டாராம். அம்மாவுக்கு அது பெரிய ஆச்சரியம். ஏச்சு விழும் என்ற பயத்தில்தான் எங்கட சனம் இதையெல்லாம் சொல்லாமல் விடுகிறது. சொன்னால்தான் அவர்களுக்கும் சரியாக யோசிக்கலாம்.

விரலை எடுத்தார்கள். கவட்டுக்குள் இருந்த கணுவொன்றைச் சோதித்ததில் புற்றுக்கலங்கள் கொஞ்சம் இருந்தன.

அந்தக் கலங்கள் ஏழு கிழமைக்கு முதலே அங்கே போய்விட்டனவா, அந்த ஏழு கிழமைக்குள்தான் போயினவா? மூத்தவள் வைத்தியரிடம் நேரில் கேட்டாள். "அத ஒருத்தராலயும் சொல்லேலாது பிள்ளை" என்றார். எட்டு மாதத் தேசிக்காய்க் காலத்திலேயே போயிருக்கலாம். எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அதைச் சொன்னாரோ தெரியாது. எங்களுக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. தெரியாமலே இருக்கப்போகும் ஒன்றோடு நாங்கள் இருக்கவேணும்.

மாமா எங்களை ஒருநாளும் குறை சொல்லவில்லை. அதுதான் கூடக் கஷ்டம்.

இதை ஏன் இங்கே எழுதுகிறோம்? எங்கட வயதுப் பிள்ளையளிடம்தான் இப்போது வீட்டுக்காரர் கேட்கிறார்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், போன் இருக்கிறது, பயோ படிக்கிறோம் என்றால் போதும், வீட்டில நாங்கள்தான் டொக்டர். கேட்டவுடன் ஒரு பதில் சொல்லவேணும் என்று எங்களுக்கும் ஒரு புளுகம். 'ஆராய்ச்சி இருக்கு' என்ற இரண்டு சொல்லுக்கு எங்கட அம்மா, அப்பா, மாமாமார் கொடுக்கிற பெறுமதி எங்களுக்குத் தெரியாது. அவர்கள் அதற்கு உயிரையே கொடுப்பார்கள். ஆராய்ச்சி எப்போதும் இருக்கும். யாரில் செய்தது, எதைக் கொடுத்தது, மனிதரில் பார்த்தார்களா, எதிராக வேறு ஏதும் வந்ததா? இந்த நாலையும் கேட்காமல் இனி 'ஓம்' சொல்லுறேல்ல என்று நாங்கள் மூன்று பேரும் முடிவெடுத்திருக்கிறோம். தெரியாவிட்டால் 'தெரியாது, டொக்டரிட்டக் கேட்பம்' என்று சொல்வதில் வெட்கமில்லை.

இன்னொன்று. இன்றைக்கு இரவு கால் கழுவும்போது உங்கட கால் நகங்களைப் பாருங்கோ, அம்மா அப்பாவின் கால்களையும் பாருங்கோ. எங்கட தோல்காரருக்கு நகத்தில் கபிலக் கோடு வருவது சாதாரணம், அதிலும் பல விரல்களில் இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஆனால் ஒரே ஒரு விரலில் புதிதாக வந்து, அகன்றுகொண்டு போய், நகத்தைத் தாண்டித் தோலில் கறுப்பு ஊறினால் தேசிக்காயைத் தேடாதேயுங்கோ. உள்ளங்காலில் புதிதாக ஒரு கறுப்பு வந்து பெருத்தாலும், ஆறாத புண் இருந்தாலும் அப்படித்தான். அடுத்த கிளினிக் நாளுக்கே கூட்டிக்கொண்டு போங்கோ.

மாமா இப்போது திரும்ப ஓட்டோ ஓடுகிறார். பெருவிரல் இல்லாமல் பிரேக் மிதிக்க முதலில் தடுமாறினார், இப்ப பழகிவிட்டது. அடுத்த சிகிச்சை என்ன என்று வைத்தியர்கள் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் சோதனை, போகும்போது எங்களில் ஒராள் கட்டாயம் கூடப் போகும். போன கிழமை ஓட்டோவைக் கழுவின நடுவிலான், அந்தப் படம் ஓரத்தில் உரியத் தொடங்கிவிட்டது, எடுத்துவிடட்டோ என்று கேட்டான். மாமா தண்ணிக் குழாயை நிற்பாட்டிவிட்டு வந்து, பெருவிரலால் அந்த ஓரத்தை அமத்தி ஒட்டினார். கைப் பெருவிரலால்.

"இருக்கட்டும்" என்றார்.